கடைசி நிமிடத்தில் விமான நிலையக் கடையில் பரிசு வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணம் முழுக்க "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டிருப்போம். பாதுகாப்புச் சோதனை முடிந்து, கழற்றிய பெல்ட்டை மறுபடி மாட்டும்போதுதான் யார் யாருக்கு என்னென்ன வாங்கி வருவதாகச் சொன்னோம் என்பது வரிசையாக ஞாபகத்துக்கு வரும். அப்படி ஓடி ஓடி வாங்கிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு. அதில் பாதி அசட்டுத்தனமாக வாங்கியவை. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் இருந்தால் கடைக்குள் நுழையலாம்?

போர்டிங் பாஸில் விமானம் புறப்படும் நேரமும், ஏறத் தொடங்கும் நேரமும் இருக்கும். இந்த இரண்டையும் விட முக்கியமானது கேட் மூடும் நேரம். பெரும்பாலான விமானங்களுக்கு அது புறப்பாட்டுக்கு 15 அல்லது 20 நிமிடம் முன்பு. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கேட் வரை நடக்க ஆகும் நேரத்தைக் கழியுங்கள். பெரிய நிலையங்களில் இது சாதாரணமாகவே கால் மணி நேரம் போய்விடும், நடுவில் ரயில் ஏற வேண்டிய இடங்களும் உண்டு. பில் போடும் வரிசைக்குப் பத்து நிமிடம் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் நீங்கள் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடிய நேரம். அது பத்து நிமிடத்துக்குக் குறைவு என்றால் பெரிய கடையை விட்டுவிட்டு, கேட் பக்கத்தில் இருக்கும் சின்னக் கடைக்குப் போய்விடுங்கள். தேர்வு குறைவாக இருக்கும், ஆனால் உங்கள் பெயரைக் கூப்பிட்டால் காதில் விழும்.

பெயரைக் கூப்பிட்ட பிறகும் வராமல் போனால் நம்மோடு முடியாது. சர்வதேச விமானத்தில் ஆள் ஏறாவிட்டால் அவர் பெட்டியையும் தேடி இறக்குவார்கள். 1985இல் அட்லாண்டிக் மேலே ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் வெடித்த குண்டு, விமானத்தில் ஏறாத ஒருவரின் பெயரில் போடப்பட்ட பெட்டிக்குள் இருந்தது. 329 பேர் இறந்தார்கள். பெட்டியையும் ஆளையும் பொருத்திப் பார்க்கும் வழக்கம் இறுகியது அதற்குப் பிறகுதான். ஆகவே ஒரு கீ செயினுக்காக நீங்கள் தாமதித்தால், கீழே நாலு பேர் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவில் உங்கள் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நான் போனில் அலாரம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அந்தக் கடைகளில் பெரும்பாலும் ஜன்னல் கிடையாது, கடிகாரமும் கண்ணில் படாது.

டூட்டி ஃப்ரீ என்றால் உண்மையிலேயே மலிவுதானா?

சில பொருள்களுக்கு ஆமாம், பலவற்றுக்கு இல்லை.

அந்தப் பெயருக்கு அர்த்தம் இவ்வளவுதான்: நாட்டை விட்டு வெளியே போகிற பொருளுக்கு அந்த நாட்டின் சுங்கத் தீர்வையும் விற்பனை வரியும் கிடையாது. உலகின் முதல் விமான நிலைய டூட்டி ஃப்ரீ கடை 1947இல் அயர்லாந்தின் ஷானனில் தொடங்கியது. அப்போது அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கியாக வேண்டும். பயணிகள் சும்மா காத்திருப்பதைப் பார்த்து, அங்கே உணவகம் நடத்திக்கொண்டிருந்த பிரெண்டன் ஓ'ரீகன் கண்டுபிடித்த வியாபாரம் இது. இன்றைக்கும் அதேதான் நடக்கிறது: காத்திருக்கிற ஆள், கையில் கொஞ்சம் காசு, போக வேறு இடம் இல்லை.

வரி எவ்வளவு நீங்குகிறதோ அவ்வளவுதான் விலை குறைய வழி இருக்கிறது. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் பல நாடுகளில் வரி மிக அதிகம். அதனால் அங்கே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சென்ட், அழகுப் பொருள்களில் சில நேரம் தெரியும். சாக்லேட், கூலிங் கிளாஸ், பொம்மை, ஹெட்போன் போன்றவற்றில் நீங்கிய வரியைக் கடையின் வாடகையே தின்றுவிடும். ஊருக்குள் இருக்கும் கடையில் இதைவிடக் குறைவாகக் கிடைப்பதும் சகஜம். போனில் ஒரு நிமிடம் விலை தேடிப் பாருங்கள், அங்கேயே நின்றபடி.

இன்னொன்று, உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் 1999 ஜூலை 1 முதல் நின்றுபோனது. கடையின் பெயர்ப்பலகை மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி மின்னும்.

பில் போடும்போது போர்டிங் பாஸ் ஏன் கேட்கிறார்கள்?

நீங்கள் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் அந்த விற்பனைக்கு வரி உண்டா இல்லையா என்று முடிவாகும். மது, சிகரெட் வாங்கினால் காட்டித்தான் ஆக வேண்டியிருக்கும். தண்ணீர் பாட்டிலுக்கும் பத்திரிகைக்கும் கேட்டால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை. 2015இல் பிரிட்டனில் இது பெரிய சர்ச்சையானது: பயணியின் பாஸைக் காட்டி வரி விலக்கு வாங்கிக்கொண்ட கடைகள் பல, விலையை மட்டும் குறைக்கவில்லை என்று தெரியவந்தது.

சென்ட், ஜாம், பனி உருண்டை எல்லாம் கைப்பையில் கொண்டுபோக விடுவார்களா?

அதிகம் பேர் பொருளைப் பறிகொடுப்பது இந்த விஷயத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளைக் குளிர்பான பாட்டிலில் ஏற்றி விமானங்களைத் தகர்க்கும் சதி பிரிட்டனில் முறியடிக்கப்பட்டது. கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் திரவம் கூடாது என்கிற விதி வந்தது அதன் பிறகு. பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. 200 மில்லி பாட்டிலில் அடியில் ஒரு சொட்டு இருந்தாலும் செல்லாது. எது திரவம் என்பதில்தான் குழப்பம். சாய்த்தால் ஓடுவது, பிதுக்கினால் வருவது, தடவினால் ஒட்டுவது எல்லாமே அவர்கள் கணக்கில் திரவம்தான். தேன், ஜாம், முகக்கிரீம், மிருதுவான பாலாடைக்கட்டி எல்லாம் அதில் அடக்கம்.

கண்ணாடிக்குள் பனி பறக்கும் உருண்டையும் அப்படியே. நகரத்துக்குள் ஒரு சின்னக் கடையில், அக்கா மகளுக்கென்று ஒன்றை ஆசையாக வாங்கிப் பையில் வைத்திருந்தேன். குலுக்கினால் குட்டி வீட்டின் மேல் வெள்ளைத் துகள் மெதுவாக இறங்கும். சோதனை மேசையில் அதை எடுத்தார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், "உள்ளே எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டார்கள். பாட்டிலில் அளவு எழுதியிருக்கும், உருண்டையில் எங்கே எழுதியிருக்கும்? தொட்டிக்குள் போய்விட்டது. அமெரிக்காவில் டென்னிஸ் பந்து அளவுக்குள் இருந்து, மற்ற திரவங்களோடு ஒரே பைக்குள் அடங்கினால் விடுகிறார்கள். மற்ற இடங்களில் சோதனை செய்பவர் மனசைப் பொறுத்தது. செக்-இன் பெட்டியில் போடுவதுதான் நிம்மதி.

சோதனை தாண்டிய பிறகு உள்ளே இருக்கும் கடையில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, நேரடி விமானமாக இருந்தால். வழியில் இறங்கி வேறு விமானம் மாறுகிறீர்கள் என்றால் மறுபடி சோதனை வரலாம். அதற்காகத்தான் முத்திரையிட்ட தனிப் பை தருகிறார்கள்: தெளிவான பிளாஸ்டிக், ஓரத்தில் சிவப்புக் கோடு, உள்ளே பில் வெளியே தெரிகிற மாதிரி. "நடுவில் விமானம் மாறுகிறேன்" என்று நீங்களே சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கடைசி ஊர் போய்ச் சேரும் வரை திறக்கவே கூடாது. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் இரண்டாவது நிலையத்தில் காத்திருந்தபோது, மனைவிக்கு வீடியோவில் காட்டலாமே என்று பையைப் பிரித்துவிட்டார். சென்ட் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. அடுத்த சோதனையில் பிரிந்த பையைப் பார்த்ததும் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்கா போய் அங்கே உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. முதலில் இறங்கும் ஊரில் பெரும்பாலும் செக்-இன் பெட்டியைக் கையில் வாங்கி மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் பாட்டிலைத் துணிக்குள் சுற்றிப் பெட்டிக்குள் தள்ளிவிடலாம்.

புது ஸ்கேனர் வந்த சில நிலையங்களில் 100 மில்லி விதியைத் தளர்த்திவிட்டார்கள். ஆனால் நீங்கள் மாறப்போகும் நிலையத்தில் பழைய ஸ்கேனர் இருந்தால் இங்கே விட்டதை அங்கே பிடிப்பார்கள்.

மது வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு: 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் விமானத்திலேயே ஏற்ற முடியாது. 24 முதல் 70 வரை என்றால் ஒருவருக்கு 5 லிட்டர். இது விமானப் பாதுகாப்புக்கான வரம்பு. இறங்கும் நாட்டில் தீர்வை இல்லாமல் எவ்வளவு கொண்டுபோகலாம் என்பது வேறு. அது பெரும்பாலும் இதைவிட மிகக் குறைவு.

பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது, ஏழு பேருக்கு வாங்க வேண்டும். எப்படி?

கடைக்கு வெளியே நின்று பெயர்களை எழுதுங்கள். போனில் இரண்டு நிமிடம் போதும். பெயர் இல்லாமல் உள்ளே போனால் பொருளைப் பார்த்து ஆளைத் தேடுவோம்: "இந்தக் கப் அழகாயிருக்கே, யாருக்குக் கொடுக்கலாம்?" அப்படி வாங்கியவைதான் நம் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன.

எழுதிய பெயர்களை இரண்டாகப் பிரியுங்கள். உண்மையிலேயே ஏதாவது தர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மற்றவர்கள் "போய்ட்டு வந்தீங்களே, ஒண்ணுமில்லையா?" என்று கேட்காமல் இருந்தால் போதும் என்கிற வகை. இரண்டாவது வகைக்கு ஒரே பொருளை மொத்தமாக வாங்கிவிடுங்கள்; தனித்தனிக் காகிதத்தில் சுற்றிய சாக்லேட் பொட்டலம் ஒன்று ஒரு ஆபீஸுக்கே போதும். இங்கே யோசித்து நேரத்தைக் கரைக்காதீர்கள். யோசனையை அந்த மூன்று பேருக்கு வையுங்கள்.

அவர்களுக்கு என் தேர்வு, தினமும் கை படுகிற பொருள். கைக்குட்டை, நல்ல பேனா, சமையலறைத் துணி, பர்ஸ், துண்டு. அல்லது தின்று தீர்கிற பொருள். தூசு படிய உட்கார்ந்திருக்கும் சின்னச் சிலைகளுக்கு நான் எதிரி. ஃப்ரிட்ஜ் மேக்னட்டை நிறையப் பேர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. எடை இல்லை, உடையாது, சோதனையில் யாரும் கேட்க மாட்டார்கள், ஒவ்வொரு முறை பால் எடுக்கும்போதும் கண்ணில் படும்.

சென்ட் வாங்குகிறீர்கள் என்றால், உள்ளே நுழைந்ததும் முதலில் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள். அடித்தவுடன் மூக்கில் ஏறுவது ஆல்கஹாலும் மேல்வாசனையும். பத்து நிமிடம் கழித்துத் தோலில் நிற்பதுதான் நீங்கள் பரிசாகக் கொடுக்கப் போகும் வாசனை. மூன்றாவது சென்ட்டுக்கு மேல் முகர்ந்தால் மூக்குக்கு எதுவும் தெரியாது.

துணி, செருப்பு, மோதிரம் என்று அளவு தெரிய வேண்டிய எதையும் இந்த அவசரத்தில் தொடாதீர்கள்.

அங்கே விற்பது உண்மையிலேயே அந்த ஊர்ப் பொருள்தானா?

பனி உருண்டை பறிபோன அன்று, மிச்சம் இருந்த இருபத்தைந்து நிமிடத்தில் ஓடிப்போய் ஒரு பென்சில் டப்பா வாங்கினேன். தகர மூடியில் அந்த நகரத்தின் கோபுரம், பாலம், படகு எல்லாம் எழும்பித் தெரியும். வீட்டுக்கு வந்து கொடுத்ததும் அக்கா மகள் மூடியைப் பார்க்கவில்லை. நேராகத் திருப்பி அடியில் பார்த்தாள். ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சித்தி, நீங்க போனது இந்த ஊருக்கு இல்லையே?" என்றாள். வேறொரு கண்டத்தில் இருக்கும் நாட்டின் பெயர் அதில் இருந்தது.

ஆக, அவளைப்போல நீங்களும் திருப்பிப் பாருங்கள். எங்கே செய்தது என்று அடியிலோ பின்பக்கத்திலோ பெரும்பாலும் போட்டிருக்கும். கோபுரம் பதித்த கீ செயின்கள் பல நாட்டுக் கடைகளில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், கோபுரம் மட்டும் மாறும். உள்ளூர்ப் பொருள்தான் வேண்டும் என்றால் உணவுப் பகுதியும் புத்தகக் கடையும் நல்ல இடங்கள். தயாரித்தவர் பெயரும் முகவரியும் அச்சான டப்பா பொய் சொல்வது குறைவு. அந்த ஊர் மொழியில் ஒரு குழந்தைகள் படப் புத்தகம் வாங்கிப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் குழந்தைகள் அதை விடுவதில்லை.

டப்பா பெரிசாக இருக்கிறதே, லாபம்தானே?

டப்பாவைக் கையில் எடுங்கள், குலுக்குங்கள், பின்னால் நிகர எடையைப் படியுங்கள். வெளியே ஒரு முழம் நீளம், உள்ளே காகிதத் தட்டு, அதற்கு அடியில் வெறும் காற்று என்பது பரிசுப் பெட்டிகளில் சகஜம். அதோடு, பல கம்பெனிகள் விமான நிலையத்துக்கென்றே தனி அளவில் பொதி போடுகின்றன. வெளியே 100 கிராம் விற்பது இங்கே 360 கிராமாக இருக்கும். அதனால் விலையை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. 100 கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதையும் மூன்றால் வகுங்கள், நமக்கு மூன்று தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெட்போன், ஷேவிங் மெஷின் மாதிரி மின்பொருள்கள் வாங்கலாமா?

பரிசாக வேண்டாம் என்பேன். வாரண்டி உங்கள் நாட்டில் செல்லுமா, பிளக் பொருந்துமா, 110 வோல்ட்டா 220 வோல்ட்டா என்று பார்க்க அங்கே நேரம் இருக்காது. பவர் பேங்க் வாங்கினால் அதன் கொள்ளளவு 100 வாட்-அவருக்குள் இருக்கட்டும், கைப்பையிலேயே இருக்கட்டும். செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

கார்டு தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

கடை இருக்கும் நாட்டின் பணத்தையே அழுத்துங்கள். நம் பணத்தில் தொகையைப் பார்க்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை முடிவு செய்வது கடையின் பக்கம் இருக்கும் நிறுவனம், அதில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும். உங்கள் வங்கியின் விகிதம் பெரும்பாலும் இதைவிட நன்றாக இருக்கும். சில நேரம் காசாளரே கேட்காமல் அழுத்திவிடுவார். பில்லில் உங்கள் நாட்டுப் பணம் தெரிந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

பையின் அடியில் கிடக்கும் சில்லறையையும் அங்கேயே தீர்த்துவிடுங்கள். ஊருக்கு வந்தால் நாணயத்தைப் பெரும்பாலான பணமாற்றுக் கடைகள் வாங்குவதில்லை. நாணயம் எல்லாவற்றையும் முதலில் கொடுத்து, மீதிக்குக் கார்டு என்று சொன்னால் அநேகக் கடைகளில் ஒத்துக்கொள்வார்கள். பின்னால் வரிசை நீளமாக இருந்தால் மட்டும் முன்னதாகவே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பையைத் தனியாக விமானத்துக்குள் கொண்டுபோகலாமா?

பல விமானங்களில் ஒரு பையைக் கண்டுகொள்ள மாட்டார்கள். குறைந்த கட்டண விமானங்களில் சில அதையும் சேர்த்தே எண்ணும், எடை போட்டுப் பணம் கேட்கும். கேட் வரிசையில் நிற்கும்போது பையைப் பிரித்து முதுகுப்பைக்குள் அடக்க இடம் வையுங்கள். உடையும் பொருளை இருக்கைக்கு மேலே இருக்கும் அடுக்கில் வைக்காதீர்கள். எங்கோ கடைசியில் ஏறுகிறவர் தன் பெட்டியை அதன்மேல் அழுத்துவார். முன் இருக்கைக்கு அடியில், ஸ்வெட்டரில் சுற்றி வைப்பது நல்லது.

கடையிலேயே விற்கிறார்கள் என்றால் எல்லா நாட்டுக்கும் கொண்டுபோகலாம்தானே?

இல்லை. கடைக்காரர் பார்ப்பது தன் நாட்டுச் சட்டத்தை. இறங்கும் நாட்டுச் சட்டம் உங்கள் தலையில். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உணவு, விதை, மரப்பொருள் எல்லாவற்றையும் எழுதிக் காட்டியாக வேண்டும். மறைத்தால் கையோடு அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வரும் பயணி இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுபோக முடியாது, ஒரு சில விதிவிலக்குகள் தவிர. பவளம், பாம்புத்தோல், முதலைத்தோல், தந்தம் போன்றவை 1975 முதல் நடைமுறையில் இருக்கும் அழிநிலை உயிரின வணிக ஒப்பந்தத்துக்குள் வரலாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் பிடிபட்டால் பொருள் போவதோடு நிற்காது. பளபளவென்று கண்ணாடி அலமாரியில் இருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சந்தேகமாக இருந்தால் எழுதிக் காட்டிவிடுங்கள். அதிகாரி "பரவாயில்லை, போங்க" என்று சொன்னால் ஐந்து நிமிடத்தோடு போயிற்று.

பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

விமானம் ஏறிய பிறகு கஷ்டம்தான். பில்லைப் பத்திரமாக வையுங்கள். உடைந்தோ பழுதாகவோ இருந்தால் சில கடைகள் மின்னஞ்சலில் பேசும். "பிடிக்கவில்லை" என்பதற்கு யாரும் பேச மாட்டார்கள்.

கடைசியில் ஒன்றும் வாங்காமல் ஏறிவிட்டேன். இனி?

இறங்கும் நிலையத்திலும் டூட்டி ஃப்ரீ கடை இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்திரேலியா, நார்வே உட்படப் பல நாடுகளில் பெட்டி வாங்கும் இடத்தை ஒட்டியே இருக்கிறது. கனமான பாட்டில்களை அங்கே வாங்கினால் தூக்கிச் சுமக்கவும் வேண்டாம், 100 மில்லி கவலையும் இல்லை. விமானத்துக்குள்ளேயே தள்ளுவண்டியில் விற்கிறவர்களும் உண்டு.

வெளியே வந்து வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கி, "அங்கேருந்துதான் கொண்டுவந்தேன்" என்று சொல்லிவிடலாமா என்றும் ஒருவர் கேட்டார். தாராளமாக. அடியில் இருக்கும் சீட்டை மட்டும் கிழித்துவிடுங்கள்.